லைட் ஹவுஸ் தாத்தா

கனகம்மாசத்திரத்தில் ஏறிய கூட்டம் திருத்தணி வரைக்கும் இறங்கவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியபோது ராஜீவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா மகள் அபிக்கு இன்றுதான் முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். அதற்காகவே நெல்லூர்ப் பக்கத்து இறால் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான்.

மலையடிவாரத்தில் அக்கா வீட்டுக்காரர் வேணுவின் போட்டோ ஸ்டூடியோ. வாசலெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்.

"இன்னாடா மச்சான், கடக்காத்துல கருவாடாட்டம் காஞ்சுபூட்ட?" என்றார் வேணு. "உள்ள வா. உன் படம்தான் இப்ப நம்ம கடைக்குச் சோறு போடுது."

உள்ளே, ஆட்களை நிறுத்திப் படம் எடுக்கும் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். ராஜீவ் எடுத்து அனுப்பிய லைட் ஹவுஸ்.

வேலை செய்யும் ஊரில் அவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலோரமாகப் போய்ப் பழைய லைட் ஹவுஸ்களைத் தேடிப் படம் எடுப்பான். இது சவுக்குத் தோப்புக்கு அப்பால் கேட்பாரற்று நின்றது. கதவில் துருப்பிடித்த பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தபோது உள்ளே படிக்கட்டு மொத்தமாக இடிந்து தரையில் குவிந்திருந்தது. மேலே ஏற வழியே இல்லை. அழுகிய பாசியின் வாடை குப்பென்று அடித்தது. படம் எடுத்துவிட்டுத் திரும்பி நடக்கையில், உச்சியிலிருந்து யாரோ முதுகையே பார்ப்பது போலிருந்தது. அவன் வேகமாக நடந்துவிட்டான்.

இப்போது ஃப்ளெக்ஸில், கதவுக்கு மேலே இருந்த ஜன்னலில், ஒரு முகம் தெரிந்தது.

தண்ணீரில் ஊறி வெளுத்த கிழட்டு முகம்.

"பாவா, இது யாரு?"

"அதுவா? பிரிண்ட்டுக் கறைடா. மொதல்ல உச்சி ஜன்னல்ல இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா எறங்கிகினு வருது. வெயில்ல ஃப்ளெக்ஸ் இழுத்துக்குது போல."

"கறை எப்படி பாவா ஜன்னலுக்கு ஜன்னல் எறங்கும்?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?"

அதற்குள் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. புதிதாக மொட்டை அடித்த பையன் தொண்டை கிழிய அழுதான். வேணு கேமராவுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்கினார்.

"அழாத கண்ணு! லைட் ஹவுஸ் தாத்தா எறங்கி வராரு பாரு! வாங்க தாத்தா, கீழ வாங்க! பாப்பாவ மடியில வச்சிக்குங்க!"

பையன் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தான். அழுகை சட்டென்று நின்றது. ஃப்ளாஷ் அடித்தது.

அவர்கள் போனதும் ராஜீவ் மெதுவாகக் கேட்டான். "எல்லாக் கொழந்தைக்கும் இதையா சொல்றீங்க?"

"ஆங். கப்புனு வாய மூடிக்கும்ல?"

ராஜீவ் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னல் காலியாக இருந்தது.

பூட்டோடு படம் எடுத்த கதவு, இப்போது திறந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா அனுராதா, அபியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "வந்துட்டியாடா? உனக்காகத்தான் இன்னும் மலைக்குப் போகல. மொதல்ல முடியோட ஒரு போட்டோ எடுத்துடலாம். அபி, அங்க போயி நில்லு."

கடலே இல்லாத ஊரில் அழுகிய பாசி வாடை அடித்தது. ஃப்ளெக்ஸின் அடியில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது.

"வேணாங்க்கா!" ராஜீவ் பாய்ந்து ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தான். ஆணியோடு பிய்ந்து வந்தது.

"பைத்தியமாடா புடிச்சிருக்கு உனக்கு?" வேணு அவன் சட்டையைப் பிடித்தார். "ஆடி மாசம் அதுவுமா என் பொழப்புல கை வைக்கிறியா? கொழந்த மொட்டைக்கு வந்தவன்னு பாக்கறேன், இல்லன்னா ஒரே அறைதான்!"

ராஜீவ் அவர் பிடியை உதறிவிட்டு, ஃப்ளெக்ஸைக் கடைக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கொளுத்தினான். கரும்புகை சுருண்டு எழுந்தது. கடைசித் துண்டு கருகும்வரை பக்கத்திலேயே நின்றான்.

ஆனால் கதவு முன்பே திறந்துவிட்டதே என்ற நினைப்பு மட்டும் விட்டுப் போகவில்லை.

மலைமேல் முடியிறக்கும் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. வேணு முகம் கொடுக்காமல் தூரமாகப் போய் நின்றார். ராஜீவ் சுவரோரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து அபியை மடியில் வைத்துக்கொண்டான். அனுராதா எதிரில் நின்று போனில் படம் எடுத்தாள். கத்தியைக் கண்டதும் அபி வீறிட்டு அழுதாள். அவள் இரண்டு கைகளையும் ராஜீவ் இறுகப் பிடித்துக்கொண்டான். முடி கொத்துக்கொத்தாக விழுந்தது.

திடீரென்று அபி அழுகையை நிறுத்தினாள்.

மொட்டை அடிப்பவர் குனிந்தபடியே சொன்னார்: "சார், பின்னாடி இருக்கிற பெரியவர பாப்பா தலையில இருந்து கைய எடுக்கச் சொல்லுங்க. கத்தி பட்டுரப் போவுது."

ராஜீவின் பின்னால் சுவர்தான் இருந்தது.

"எந்தப் பெரியவரு?"

அவர் நிமிர்ந்தார். ராஜீவின் தலைக்கு மேலே பார்த்தார். கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

அனுராதா போனில் பார்த்த கண்ணை எடுக்காமலே கிசுகிசுத்தாள். "டேய்... பாப்பாவ தூக்கிகினு வந்துடு. திரும்பாத. தயவுசெஞ்சு திரும்பாத."

ராஜீவின் கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. அபியின் அக்குளில் கை கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி எழுந்தான்.

கைகள் மட்டும் வெறுமையாக மேலே வந்தன.

அவன் எழுந்துவிட்ட முக்காலிக்கு மேலே, அவன் மடி இருந்த அதே உயரத்தில், காலை ஆட்டிக்கொண்டு அபி உட்கார்ந்திருந்தாள்.