ஒரே வீட்டில் தனித்தனி விருந்தினர்

“அங்க போனா எதையும் வாய்விட்டுக் கேட்கவே வேண்டாமாம், சுகு. மனசுல நினைச்சாப் போதும்.”

“பேசாம இருக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமாங்க? நம்ம வீட்டுலயே அதானே நடக்குது.”

கிளம்புவதற்கு முன் கணவர் தயாளனிடம் அப்படிக் குத்திக் காட்டியதை நினைத்து, பவளத்தீவு விடுதியின் மணலில் நடந்தபடி சுகந்தி வெட்கப்பட்டாள். மகன் நிலவன் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு தயாளன் அவன் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. அவனைப் பற்றிப் பேசும்படி கேட்க அவளுக்கு ஏக்கம். கேட்டால் மனிதர் உடைந்துபோவாரோ என்று பயம்.

இந்தத் தீவு அந்தப் பயத்துக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டது. காதோரம் ஒட்டிய விழைவுமானி மூளையலைகளைப் படித்தது. தொண்டை வறளும் முன்பே இளநீர் வந்தது. வெயில் உறைக்கும் முன்பே கூரை நீண்டு நிழல் தந்தது. வந்திறங்கியபோது வரவேற்பறைப் பெண் கேட்டது ஒரே கேள்விதான்.

“ரெண்டு பேர் விருப்பத்தையும் சேர்த்துப் பார்க்கட்டுமா சார், தனித்தனியாவா?”

“தனித்தனியாவே இருக்கட்டும்மா. சேர்த்தா இவ எனக்காக எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துடுவா,” என்றார் தயாளன்.

அன்று மாலையே அவர் கடலைப் பார்த்தபடி, “நிலவன் வந்திருந்தா தண்ணியை விட்டு ஏறவே மாட்டான்,” என்றார். சுகந்தி அவர் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். பிறகு தினமும் மகனைப் பற்றியே பேச்சு.

இன்று காலை காபி குடிக்கும்போதும் அவரே ஆரம்பித்தார். “முதல் பல் விழுந்ததும் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சானே, ஞாபகம் இருக்கா?”

சுகந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்ப நீங்க மஸ்கட்டுல இருந்தீங்க. நான் உங்ககிட்ட அதைச் சொன்னதே இல்லையே.”

“ஆமா, மஸ்கட்டுலதான் இருந்தேன்,” என்று அவர் அதே அன்போடு சிரித்தார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் சொன்னவை எல்லாம் அவளுடைய நினைவுகள். அவளுக்குத் தெரியாத ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை.

வரவேற்பறைக்கு ஓடினாள். அந்தப் பெண் பதறாமல் விளக்கினாள். “அது மெய்நிழல், மேடம். நீங்க ஆசைப்படறதை உங்க கணவர் செய்யணும்னா, அவரை நாங்க வற்புறுத்த முடியாதே. அதான் அவர் மாதிரியே ஒண்ணைச் செஞ்சு அனுப்பினோம். முதல் நாளே இங்க உங்களுக்குக் கொடுத்த வீட்டுக்கு நடுவுல சுவரும் எழுப்பியாச்சு.”

“அப்ப அவர் எங்கே?”

“மறுபாதியில. உங்களோட ரொம்ப சந்தோஷமா இருக்கார்.”

சுகந்தி வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் தள்ளினாள். தயாளன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே பச்சைப் புடவையில் இன்னொரு சுகந்தி அவருக்கு மீன் பரிமாறினாள். எதையும் இழந்திராத முகம் அவளுக்கு.

வாசலில் அழுதுகொண்டு நின்றவளைக் கண்டதும் தயாளன் முகம் சுளித்தார். “இதை ஏன் அனுப்பினாங்க? நான் இப்படி நினைக்கவே இல்லையே,” என்றார், பச்சைப் புடவைக்காரியிடம்.

“அதைப் பார்க்காதீங்க. நீங்க சாப்பிடுங்க,” என்றது அது.

சுகந்தி காதோரமிருந்த விழைவுமானியைப் பிய்த்தெறிந்தாள். தோலும் சேர்ந்து வந்தது. கழுத்தில் ரத்தம் வழிய, மேசையருகே போய் அவர் கையைப் பிடித்தாள்.

“என்னங்க, உங்களுக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் கேட்கறேன். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச நிலவனைப் பத்தி எனக்கு ஏதாவது சொல்லுங்க.”