சத்தம் இருக்கும் இடம்

மழை தகரக் கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்த மாலையில், எஞ்சினை அணைத்த பிறகும் பழைய ஜீப்பின் அடியிலிருந்து அந்தத் தட்டல் நிற்கவில்லை. டக். டக். டக்.

"வண்டிக்கு வயசாச்சு மாப்ள, முனகுது. என்ன, நீங்க முனகுற அளவுக்கு இல்ல," என்று சிரித்தார் மெக்கானிக். ஜீப்பைக் கொண்டுவந்தவரின் மறைந்த மனைவிக்கு அண்ணன் அவர்.

வந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடும்போது ஏதேனும் கழன்று விழுந்தால் என்ன ஆகும்? அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உயிரான மகள் பின்னிருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா உள்ளயே இருக்கட்டும், சாரல் அடிக்குது," என்றார் மெக்கானிக்.

ஒவ்வொன்றாகக் கழற்றுவது அவர் வழக்கம். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, பழுது அதில்தான். கிரீஸும் ஈர இரும்பும் மணக்கும் அந்தக் கொட்டகையில், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்டைக் கழற்றிச் சாக்கின்மேல் கிடத்தினார்.

டக். டக்.

கேலி நின்றது. நீளமான ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் பொருத்தி, நுனியைக் கியர்பாக்ஸில் வைத்தார். அமைதி. பின் அச்சில் வைத்தார். அமைதி. வண்டியின் அடித்தகட்டை ஒட்டி மெல்ல நகர்த்தினார். முகம் வெளுத்தது.

"பின் சீட்டுக்கு நேர் கீழதான் கேக்குது. ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே மாப்ள."

தகப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது சத்தம் இருக்கும். தனியே திரும்புகையில் இருக்காது. சரிவான சாலைதான் காரணம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாப்பா... கொஞ்சம் இறங்கும்மா."

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

இறங்கினாள்.

நின்றுவிட்டது. மழை மட்டும்.

"அப்பாடா!" என்றார் மெக்கானிக். சொல்லி முடித்த பிறகும் வாய் மூடவில்லை.

அவள் காலடியில் கிடந்த ஸ்பானர்கள் நடுங்கின. முதலில் ஒன்று. பிறகு எல்லாம். டக். டக். சாக்கின்மேல் கிடந்த ஷாஃப்ட் தானே புரண்டது. சுழன்றது. மெல்ல. அவளை நோக்கி.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அடுத்தது எதைக் கழட்டுவீங்க?"