ஒப்பாரியில் நாலாவது ஆள்

நகரத்தைத் தாக்க விடியும் முன் கிளம்பிய கலகக்காரர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கும். காலையில் திரும்பியவர்களை நேசா விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கை போதுமாயிருந்தது.

நகரத்துச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பித்தான் போனார்கள். சிப்பாய்களோ மதில்மேல் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது தலைமுடிதான். கலகத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அடையாளத்துக்காக முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். அதே தலையோடு சனிக்கிழமை சந்தைக்கும் போனார்கள். ஒரே வாரத்தில் ஒட்ட வெட்டிய தலைகள் இத்தனை. காவல்படைத் தலைவனுக்குக் கண் இருந்தது.

நேசாவின் பெரிய அண்ணன் கொனல் மேசைமேல் பிணமாகக் கிடந்தான். மார்பில் குண்டு. அவனை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தவன் சின்ன அண்ணன் லோர்கன். அவனுக்குப் பதினேழு வயது; அவன் தலையும் ஒட்ட வெட்டியதுதான். வந்ததிலிருந்து அவன் அழவில்லை.

ஒப்பாரி வைக்க மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். மூவருக்கும் முகத்தை மறைக்கும் கறுப்பு முக்காட்டு அங்கி. அவர்களில் மூத்தவள் பெக் வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"சிப்பாய்ங்க ஆத்தங்கரை வீட்டுக்கு வந்துட்டானுங்க. தொப்பியைக் கழட்டிப் பாக்குறானுங்க. முடி ஒட்ட வெட்டியிருந்தா அங்கேயே தூக்கு."

"பின்பக்கமா ஓடுடா," என்றாள் அம்மா.

"அங்கேயும் நிக்கிறானுங்க," என்றாள் பெக்.

"வரட்டும்," என்றான் லோர்கன்.

நேசா பெண்களைப் பார்த்தாள். ஒப்பாரி வைப்பவளின் முக்காட்டை அந்த ஊரில் கட்டின புருஷன்கூட விலக்கமாட்டான். அவள் அம்மாவின் கறுப்பு முக்காட்டு அங்கியை எடுத்துவந்தாள்.

"போட்டுக்கோண்ணா."

"அம்மாவோடதா? கொனல் பாத்தா சிரிப்பான்."

"சிரிச்சா நல்லதுதான். போடு. பூட்ஸைக் கழட்டு. இங்க எந்தப் பொம்பளை பூட்ஸ் போட்டிருக்கா?"

நனைந்திருந்த பூட்ஸை அவள் விறகுக் கூடைக்குள் புதைத்தாள்.

"என் குரல்?" என்றான் லோர்கன், முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டு.

"என் குரலே தவளைக் குரல்தான்," என்றாள் பெக். "பக்கத்துல உக்காருடா. யாருக்கும் தெரியாது."

ஹவில்தார் ஒருவனும் இளம் சிப்பாய் ஒருவனும் உள்ளே வந்தார்கள். நேசா புகையிலைத் தட்டை நீட்டினாள்.

"செத்த வீட்டுக்கு யார் வந்தாலும் இதை வாங்கிக்கணும். அப்புறம் மண்டி போடணும்."

இளம் சிப்பாய் வாங்கினான். மண்டியிட்டான். ஹவில்தார் நின்றான்.

"இந்த வீட்டுல இன்னொருத்தன் இருக்கானாமே?"

"ரெண்டு பேர் போனாங்க," என்றாள் நேசா. "வந்தது இதோ."

ஹவில்தார் மேசையைப் பார்த்தான். பிறகு முக்காடுகளைப் பார்த்தான். "அந்தக் கடைசி ஆள் யாரு?"

"கொனலைத் தூக்கி வளத்தவங்க."

பெக் சட்டென்று குரல் எடுத்தாள். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆண் குரலா, பெண் குரலா என்று சொல்ல முடியாதபடி அது உடைந்திருந்தது.

ஹவில்தார் ஓரடி பின்வாங்கினான். தொப்பியைக் கழற்றினான்.

"எழுந்திரு," என்றான் சிப்பாயிடம். "அடுத்த வீடு."

சிப்பாய்களின் சிவப்புச் சட்டைகள் வேலிக்கு அப்பால் மறையும்வரை நேசா வாசலில் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"போயிட்டாங்கண்ணா. போதும், நிறுத்து."

அவன் நிறுத்தவில்லை.

அம்மா அவனருகே போய் உட்கார்ந்தாள். இருட்டியதும் அவன் மலைக்குப் போய் ஒளிந்தாக வேண்டும். நேசா கூடையிலிருந்து பூட்ஸை எடுத்து, அடுப்பருகே காய வைத்தாள்.