விருந்தாளிக்கு ஐந்து பூட்டு

கூடத்து மூலையில், கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த சுழல் நாற்காலி அன்றைக்கும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் கிளம்பும்போது அவள்தான் அதைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டரைக்கு வீட்டைப் பூட்டி, இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு மழையில் நனைந்துகொண்டு மகளோடு வந்து திறந்திருக்கிறாள். நடுவில் ஒரு ஈ காக்கை உள்ளே வந்திருக்க முடியாது. ஆனாலும் நாற்காலி ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்குத் தணிந்து, மேஜையோடு ஒட்டி நின்றது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இளஞ்சூடு.

“வாலு! காலைல இதுல உக்காந்தியாடி?”

“நான் தொடவே இல்லம்மா. எனக்கு சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்தானே? நீதானே பூட்டு போட்டிருக்கே, போலீஸ்காரி!”

வாலு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். ஏழு வயது. போன வாரம் மேல் முன்பல் விழுந்ததிலிருந்து, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அம்மாவுக்கோ பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல் செட் செய்வதுதான் வேலை. நாள் முழுக்க யார் யார் வாய்க்கோ வரிசைப்பல் அடுக்கிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் மகளின் அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் அலுப்பு தீர்வாள்.

வாலு கலர் பென்சில் டப்பாவோடு அறைக்குள் ஓடிப் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் அண்ணியுடையது. அண்ணி என்றால் கணவரின் அக்கா. நூலகத்தில் பொதுமக்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். தம்பி நச்சரித்துக் கேட்டதால் போன மாதம் அரைமனதாகக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு கட்டளை: “எதை வேணா மாத்திக்கோ. விருந்தாளிக் கணக்குல மட்டும் கை வைக்காதே. ஏன்னு கேக்காதே.”

பன்னிரண்டு வருஷமாக இதே அதிகாரம். திரைச்சீலையின் நிறத்திலிருந்து வாலுவின் தலைவாரல் வரை அண்ணி வைத்ததுதான் சட்டம். இன்றைக்கு அவளுக்கு வீம்பு ஏறியது.

அமைப்புகளைத் திறந்தாள். கணக்குக்கு ஒன்றாக நான்கு வட்டங்கள். கணவர் படம், அவள் படம், ஓட்டைப்பல் தெரிய வாலுவின் படம். நான்காவது, முகமில்லாத சாம்பல் வட்டம். விருந்தாளி.

அதற்கு ஐந்து பூட்டு போட்டிருந்தது. நேரம்: வார நாட்களில் பத்து முதல் மூன்று வரை மட்டும். ஒலி: தடை. காமிரா: தடை. மற்றவர் கோப்புகள்: தடை. அமைப்புகளை மாற்றுதல்: தடை.

கீழே பயன்பாட்டுப் பதிவு. இன்று, வெள்ளி, பத்து முதல் மூன்று. நேற்று, பத்து முதல் மூன்று. ஒரு வார நாள் விடாமல், வீட்டில் யாருமே இல்லாத அந்த ஐந்து மணி நேரம்.

யாரோ வெளியிலிருந்து இதற்குள் நுழைகிறார்கள். வாலுவின் போட்டோவெல்லாம் இதில்தானே இருக்கிறது? அண்ணியின் சட்டமாவது, ஒன்றாவது. ‘கணக்கை அழி’யை அழுத்தினாள்.

*முதலில் கட்டுப்பாடுகளை நீக்கவும்.*

சரி, நீக்கிவிட்டால் போச்சு. நேரத்தின் எதிரே இருந்த குறியை எடுத்தாள்.

உஸ்ஸ்ஸ். நாற்காலி அவளைச் சுமந்தபடியே மெல்ல இறங்கியது. பழைய நாற்காலி, காற்றுப் பிடிக்கவில்லை என்று எழுந்து நின்றுகொண்டாள்.

ஒலி. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு இரைச்சல் வந்து அடங்கியது. அடங்கிய பிறகும் ஏதோ மிச்சம் இருந்தது. ஜலதோஷம் பிடித்த குழந்தை வாயால் மூச்சு விடுகிற மாதிரி. மழையாக இருக்கும்.

காமிரா. திரைக்கு மேலே பச்சைப் பொட்டு எரிந்தது.

கோப்புகள். ஈரச் சுண்ணாம்பு வாடை. எங்கிருந்து?

இன்னும் ஒன்றுதான். எடுத்தாள். ‘கணக்கை அழி.’

*உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியைக் கேட்கவும்.*

நிர்வாகி அவள்தானே! ஆத்திரத்தோடு அண்ணிக்கு போன் போட்டாள்.

“அண்ணி, அந்த விருந்தாளிக் கணக்கு அழிய மாட்டேங்குது.”

“பூட்டை எடுத்தியா?”

“எடுத்தாத்தான் அழிக்க விடும்னு வந்துச்சு. அஞ்சையும் எடுத்துட்டேன்.”

“அடிப்பாவி! அழிக்க முடிஞ்சா நானே அழிச்சிருக்க மாட்டேனா? அதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கி, சத்தம் வராம, பார்வை படாம, ஒரு மூலைல உக்கார வச்சிருந்தேம்மா.” அண்ணியின் குரல் உடைந்தது. “வாலு எங்கே?”

அப்போதுதான் கவனித்தாள். பாட்டு நின்றிருந்தது.

“வாலு?”

அறைக்குள் ஒரு பென்சில் உருண்டது. நின்றது.

“வாலு! கண்ணு!”

போன் கட்டாகியிருந்தது. திரையில் நான்கு வட்டங்கள். விருந்தாளியின் வட்டத்தில் இப்போது ஒரு முகம் இருந்தது. வாலுவின் முகம். வாலுவின் வட்டம் சாம்பல். வெறும் சாம்பல். அதற்குக் கீழே ஐந்து பூட்டு.

பூட்டை எடுக்க அழுத்தினாள். *அனுமதி இல்லை.*

மறுபடி. *அனுமதி இல்லை.*

உஸ்ஸ்ஸ்.

இறங்க இடமில்லாத நாற்காலி, பாரம் ஏறின மாதிரி முனகியது. திரும்பிப் பார்த்தாள். காலி. திரையில் காமிரா ஜன்னல் தானாகத் திறந்தது. அதில் அதே கூடம், நின்றுகொண்டிருக்கும் அவள், பக்கத்தில் அதே நாற்காலி. நாற்காலியில் யாரோ.

அவள் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. ஈரச்சுவர் மாதிரிச் சில்லிட்ட விரல்கள்.

“அம்மா,” என்றது வாலுவின் குரல். “இனிமே நான் எவ்வளவு நேரம் வேணாலும் உக்காரலாமா?”

குனிந்து பார்த்தாள். அது நிமிர்ந்து சிரித்தது. மேல் வரிசைப் பல் அத்தனையும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

திரையில், தணிந்த நாற்காலியின் விளிம்பில், கால் தரையை உதைக்க வாலு உட்கார்ந்திருந்தாள். முன்பல் ஓட்டை கறுப்பாகத் தெரிய வாயை அகலத் திறந்து திறந்து மூடினாள். அம்மா, அம்மா, அம்மா. சத்தம் வரவில்லை. படம் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தது. அடியில் ஒரு வரி மட்டும் எரிந்தது.

*அனுமதி நேரம் முடிந்தது. அடுத்த அனுமதி: திங்கள், காலை பத்து மணி.*