இரண்டு நாழிகைத் துணை

பொருநை நதி கடலோடு கலக்கும் கழிமுகத்தில் முத்தெயில் என்னும் சிறிய கோட்டை கம்பீரமாக நின்ற காலம் அது. புரட்டாசிப் பௌர்ணமி மாலை. மேற்கே பனங்காடுகளுக்கு அப்பால் கதிரவன் மறைந்துகொண்டிருக்க, கிழக்கே கடலின் விளிம்பில் சந்திரன் இன்னும் தலைகாட்டாதிருக்க, இரண்டுக்கும் நடுவே நதியின் நீர் பொன்னும் நீலமுமாய் மாறி மாறி ஒளிர்ந்து, கரையோரத் தாழம்புதர்களைத் தழுவிக்கொண்டு மெல்ல ஓடிற்று. துறையில் மூன்று யவன மரக்கலங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நங்கூரம் பாய்ச்சி நின்றன. கோட்டைக்குள்ளிருந்து முரசும் முழவும் ஒத்திகை பார்க்கும் ஓசை வந்தது. அன்று நிலா எழுந்ததும் வேள் செழுங்கோவின் அரண்மனையில் பெருவிருந்து.

அன்பார்ந்த வாசகர்களே, இப்படிப்பட்ட மாலையில் கதை சொல்பவர்கள் உங்களை நேரே அந்தப்புரத்துக்கு அழைத்துப்போய், தோழிமார் பூத்தொடுக்கும் அழகைக் காட்டுவார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. மதிலுக்கு வெளியே, படித்துறையின் கடைசிக் கல்லுக்கு மேலே உள்ள மண்டபத்துக்கு வாருங்கள். அங்கே ஒரு பெண் தன்னந்தனியாக அமர்ந்திருக்கிறாள். கூந்தலில் பூ இல்லை. மேனியில் சந்தனம் இல்லை. அவள் அழகிதான், ஆனால் அதை அவளிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவு இருந்ததில்லை.

அவள் பெயர் நன்னாகை. அரசருடைய நிலவறையில் யவன நாட்டுத் திராட்சை மதுவாகிய செந்தேறல் நிறைந்த சாடிகள் நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றை ஈரமணலில் கழுத்தளவு புதைத்து, ஆண்டுக்கணக்கில் ஆடாமல் அசையாமல் கிடத்தி, எந்தச் சாடி எந்த ஆண்டு கனிந்துவரும் என்று நாவால் அறிந்து சொல்வது அவள் பணி. அரசர் அருந்தும் கிண்ணத்தை முதலில் சுவைப்பவளும் அவளே. ஆகையால் உப்பும் மிளகும் அவளுக்கு விலக்கு. பால்சோறு வாசலில் வைக்கப்படும், வைத்தவள் ஓடிவிடுவாள். ஏனெனில் முத்தெயிலில் ஒரு கட்டளை உண்டு: தேறல் காப்பவளுக்கு உற்றார் இல்லை, உறவு இல்லை, நட்பும் இல்லை. அவள் நெஞ்சைக் கைப்பற்றியவன் அரசருடைய கழுத்தையும் கைப்பற்றியவனாகிவிடுவான் அல்லவா? கட்டளை போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பதினோரு ஆண்டுகளாக ஒரு பெண் பேச ஆளின்றி வாடியதை மட்டும் அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் அதே கட்டளையில் ஓர் இடுக்கும் இருந்தது. புதிதாக வந்த தேறலை விற்பவன் முதலில் அருந்த வேண்டும், அடுத்து அவள் அருந்த வேண்டும். பிறகு நஞ்சு ஏதும் வேலை செய்கிறதா என்று பார்க்க இருவரும் எதிரெதிரே இரண்டு நாழிகை உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு யாரும் அம்பு பாயும் தூரத்துக்குள் வரலாகாது. உயிர் போகிறதா இருக்கிறதா என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாழிகைதான் நன்னாகைக்கு ஆண்டு முழுவதிலும் வாய்த்த மனிதத் துணை!

ஐந்து ஆண்டுகளாக அவள் எதிரே வந்து அமர்ந்தவன் மார்க்கன் என்னும் யவன வணிகன். முதல் ஆண்டு இருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் ஆண்டு, தன் நாட்டு மலைகளில் வானத்திலிருந்து வெண்பஞ்சு போல் குளிர் விழும் என்று அவன் சொன்னான், அவள் நம்பவில்லை. நான்காம் ஆண்டு அவள் சிரித்தாள். தன் சிரிப்பொலியைக் கேட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு நாழிகைதான். அவனை அவள் நேசித்தாள் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

இதோ, ஐந்தாம் முறையாக அவன் படியிறங்கி வருகிறான். செம்பட்டைக் கேசம், பூனைக் கண்கள், தோளில் யவன மேலாடை. கையில் தேறல் மொள்ளும் நீண்ட வெண்கல அகப்பை. அவனுக்குப் பின்னே இரண்டு ஆட்கள் இருகாதுச் சாடி ஒன்றைக் குழந்தையைப் போல் ஏந்திவந்து மணலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். கோட்டைத் தலைவர் அந்துவனார், அறுபது பிராயம் கடந்தவர், பேச்சில் சிக்கனமானவர், சாடியின் முத்திரையைச் சோதித்தார்.

"தேறினால் இன்றைய விருந்துக்கு இதுவே. வழக்கப்படி விற்றவரே அரசருக்கு முதல் கிண்ணம் மொண்டு வார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு மதிலோரம் போய் நின்றுகொண்டார்.

நன்னாகை அடைப்பில் நாணற்குழலைச் செலுத்தி, இரண்டு கிண்ணங்களில் தேறலை இறக்கினாள். செங்கல் நிறம் விளிம்பில் படர்ந்த ஆழ்சிவப்பு. மார்க்கன் தன் கிண்ணத்தை எடுத்தான்; கண்களை மூடினான்; ஒரே மூச்சில் அருந்தினான்.

அவளும் அருந்தினாள். முதலில் உலர்ந்த நாவற்பழத்தின் வாசம், அதன் பின்னே மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசம். நாவின் ஓரங்களில் துவர்ப்பு இலேசாகப் பற்றிக்கொண்டு, பிறகு தானாகவே கையை விட்டுவிட்டது. விழுங்கிய பிறகும் வெகுநேரம் சுவை போகவில்லை. இப்படி ஒரு தேறலை அவள் வாழ்நாளில் சுவைத்ததில்லை. அவள் கண்களில் நீர் வந்துவிட்டது.

அடியில் சிறு துளையுள்ள நாழிகை வட்டிலை நீரில் மிதக்கவிட்டபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவன் பக்கத்தில் குளிர்ந்த நீர்க்குடம் நிறைந்தபடி இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை!

"வணிகரே, நீர் தண்ணீர் கலக்கவில்லை" என்றாள்.

அவன் முகம் வெளுத்தது.

"யவனர்களை நான் அறிவேன். தண்ணீர் கலக்காமல் தேறலைக் குடிப்பவனை அவர்கள் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். நான்கு ஆண்டுகளும் மூன்று பங்கு நீர் கலந்துதான் குடித்தீர். நீர் யார்?"

அவன் நதியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பேசியபோது, தட்டுத் தடுமாறிப் பேசும் யவனத் தமிழ் போய், பொருநைக்கரைத் தமிழ் தெளிவாக வந்தது.

"கெடுத்துக்கொண்டேன். இந்தத் தேறலில் தண்ணீர் ஊற்றக் கை வரவில்லை, நன்னாகை. என் பெயர் குவிரன். குன்றெயில் வேளின் மகன். என் தாயின் தகப்பனார் எங்கள் கோட்டை வாயிலைக் காத்த யவனர். இந்தக் கேசமும் கண்ணும் அவர் கொடுத்தவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் செழுங்கோ எங்கள் கோட்டைக்குத் தீ வைத்தார். உள்ளே என் தந்தையும் தாயும் இருந்தார்கள். கப்பலேறித் தப்பியவன் நான் ஒருவனே."

"இந்தச் சாடி?"

"அந்த ஆண்டு யவன நாட்டில் ஒரு நெருப்பு மலையின் சரிவில் கூலிக்குத் திராட்சை மிதித்தேன். கூலிக்குப் பதிலாக இதைக் கேட்டு வாங்கி மண்ணில் புதைத்தேன். ஆண்டுக்கு ஒரு துளி சுவைப்பேன். முதலில் பச்சைப் பாக்கைக் கடித்தது போல வாயை இழுத்துப் பிடித்தது. ஏழாம் ஆண்டு மணமே இல்லை. செத்துவிட்டது என்று அழுதேன். மறு ஆண்டு மெல்லப் பேசத் தொடங்கிற்று. இது கனியும் நாளில் செழுங்கோவின் எதிரே நிற்பேன் என்று சபதம் செய்திருந்தேன். அந்த நாள் இன்று."

அவன் பார்வை வெண்கல அகப்பையின் தடித்த காம்பின் மேல் விழுந்து மீண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

"அரசருக்குப் பின்னால் இருபது வாள்வீரர்கள் நிற்பார்கள்" என்றாள்.

"தெரியும்."

"நீர் உயிரோடு திரும்ப மாட்டீர்."

"அதுவும் தெரியும். அதனால்தான் இன்று உம்மைப் பார்க்கும் ஆசை அதிகமாக இருந்தது."

வட்டில் நிறைந்து அமிழ்ந்தது. முதல் நாழிகை முடிந்தது. அவள் அதை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட்டாள்.

"போய்விடும், குவிரரே. பன்னிரண்டு ஆண்டில் இந்தத் தேறலின் துவர்ப்புகூடத் தணிந்துவிட்டது. உமக்கு இன்னும் தணியவில்லையா?"

"தேறலுக்குத் தாய் தந்தை இல்லை, நங்கையே!" என்றான் அவன். அந்தக் குரலில் கடுமை இருந்தது. "வேண்டுமானால் இப்போதே காவலரைக் கூப்பிடும். உம் கையால் சாவதில் எனக்குக் குறையில்லை."

நன்னாகையின் நெஞ்சம் பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் அவனுக்குக் கழுமரம். தேறல் நன்று என்று சொன்னால் நிலா எழுந்த அரை நாழிகையில் அரசரும் மடிவார், அவனும் மடிவான். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. பழுதான தேறலைக் கொண்டுவந்தவன் அந்த வேளையிலேயே மரக்கலம் ஏறி, கடல் வற்றும் நீரிறக்கத்தோடு வெளியேற வேண்டும். அவன் மேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. ஆனால் முத்தெயில் துறையில் அவன் இனி ஆயுள் முழுவதும் கால் வைக்கவும் கூடாது. அதுதான் துறைமுகத்தின் சட்டம். அவன் பிழைப்பான். ஆண்டுக்கு இரண்டு நாழிகை என்று அவளுக்கு இருந்த ஒரே துணையும் அதோடு போய்விடும்.

அவள் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு காவலரை அழைக்கும் வெண்கலத் தட்டை எடுத்து ஓங்கி அடித்தாள்.

அந்துவனார் படிகளில் விரைந்து இறங்கிவந்தார். குவிரன் எழுந்து நின்று தலையை நிமிர்த்திக்கொண்டான்; தன் கதை முடிந்தது என்றே அவன் எண்ணினான்.

"கோட்டைத் தலைவரே, இந்தத் தேறல் புளித்துவிட்டது. அரசருக்கு ஆகாது" என்றாள் நன்னாகை.

சாகத் துணிந்து நின்றவனுக்கு அப்போது வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "புளித்ததா? என் தேறலா?" என்று கத்தியே விட்டான். நல்லவேளையாக ஆத்திரத்தில் பாதிச் சொற்கள் யவன மொழியில் வந்தன.

அந்துவனார் அவனை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அம்மணி, பதினோரு ஆண்டுகளில் தாங்கள் சொல்லும்போது குரல் நடுங்கியதில்லை. விருந்து நாள். ஆணையிட்டுச் சொல்ல வேண்டும்."

நன்னாகை நதியில் விரலை நனைத்து நாவைத் தொட்டாள். "இத்தேறல் புளித்தது. நான் சொன்னது பொய்யானால், இனி இந்த நாவில் எச்சுவையும் தங்காதிருக்கட்டும். பொருநையின் மேல் ஆணை!"

அதைக் கேட்ட குவிரனுடைய கோபம் அப்படியே நின்றுபோயிற்று. தேறல் சுவைப்பவளுக்கு நாவைத் தவிர வேறு செல்வம் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? அவள் என்ன செய்தாள், எதைக் கொடுத்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாய் திறந்தால் அவள் பொய்யாணை இட்டவள் ஆகிவிடுவாள். பேசவும் முடியாமல், போகவும் மனமில்லாமல் நின்றான்.

"படகு காத்திருக்கிறது, யவனரே" என்றார் அந்துவனார்.

அவன் குனிந்து அகப்பையை எடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதை அவள் காலடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு படகில் ஏறினான். நீரிறக்கம் படகை இழுத்துக்கொண்டு போயிற்று. கழிமுகத்தின் திருப்பம் வரை அவன் அவளைப் பார்த்தபடியே நின்றான்.

பழுதான தேறலை, காப்பவளே தன் கையால் ஆற்றில் ஊற்ற வேண்டும் என்பதும் வழக்கம். பன்னிரண்டு ஆண்டு மண்ணுக்குள் கிடந்து கனிந்த தேறலை அவள் சாய்த்து ஊற்றினாள். ஊற்றும்போதுகூட அந்த வாசம் மண்டபம் நிறைய எழுந்தது. அவள் அழுதாள், அந்துவனார் இருக்கிறாரே என்று மறைக்கவும் இல்லை.

சாடி காலியானதும் திரும்பிப் பார்த்தாள். அந்துவனார் கையில் அவளுடைய கிண்ணம் இருந்தது. அடியில் இரண்டு மிடறு எஞ்சியிருந்தது. காப்பவளின் கிண்ணத்தைப் பிறர் தொடலாகாது. அவரோ அதை முகர்ந்தார், அருந்தினார், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். நன்னாகையின் உயிர் அந்தக் கிழவருடைய நாவில் ஊசலாடிற்று.

அவர் கண்ணைத் திறந்து, காலடியில் கிடந்த அகப்பையை எடுத்துக் காம்பைத் திருகினார். உள்ளிருந்த மெல்லிய கத்தியை ஒரு கணம் பார்த்தார். மறுபடி மூடி, அகப்பையை நடு ஆற்றில் வீசினார்.

"குன்றெயிலுக்கு அன்று தீ வைத்த படையில் நானும் இருந்தேன், அம்மணி" என்றார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஆம். புளித்துத்தான் விட்டது. அரசரிடம் நானும் அப்படியே சொல்வேன்."

நன்னாகை கைகூப்பினாள். "ஆனாலும் நாளை வேறொரு நாவைத் தேடிக்கொள்ளும்படி அரசரிடம் விண்ணப்பம் செய்யுங்கள், தலைவரே. பொய்யாணை இட்டுவிட்டேன். தெய்வம் வந்து தண்டிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். இனி என் ஆயுளில் ஒரு துளித் தேறலையும் சுவைக்க மாட்டேன். இந்தச் சபதத்தில் பொய் இல்லை."

கடலின் விளிம்பில் சந்திரன் எழுந்தான். யவன மரக்கலம் ஒன்று பாய் விரித்துத் தெற்கு நோக்கித் திரும்புவது தெரிந்தது. கோட்டைக்குள் முரசு முழங்கிற்று. அந்துவனார் போகவில்லை. விற்பவன் அமரும் வெற்றுப் பாயில், மூட்டு வலியோடு மெல்ல உட்கார்ந்தார்.

"விருந்துக்கு நேரமாகவில்லையா, தலைவரே?"

"குடித்தவர்கள் காத்திருக்க வேண்டும் அல்லவா? வட்டில் இன்னும் அமிழவில்லை" என்றார் அவர்.