மூஞ்சி மாறிய பெட்டி

சிம்ராவுக்குத் தலை சுற்றியது. நேற்று மாலை அழகாகச் சிரித்துக்கொண்டிருந்த பெட்டி, இன்று காலையில் கோணல்மாணலாக முழித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியைச் செய்தவளே அவள்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தநாளுக்குக் கிடைத்த எலக்ட்ரானிக்ஸ் கிட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எல்சிடி திரை இருந்தது. அதைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பொருத்தி, மாடியில் இருக்கும் அன்புக்கரசி அக்காவுக்குக் கொடுத்திருந்தாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். கையால் பதில் சொல்வார், இல்லாவிட்டால் போனில் எழுதிக் காட்டுவார். கல்யாண பிளவுஸ்களில் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது அவர் வேலை. யாராவது வந்து கதவைத் தட்டினால் அக்காவுக்குத் தெரியாது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலையும் அவர்களோடு போய்விடும்.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. சும்மா இருக்கும்போது திரையில் ஒரு சிரித்த மூஞ்சி தெரியும். வெளியே உள்ள பொத்தானை யாராவது அழுத்தினால், மூஞ்சி போய்க் கதவுப் படம் வரும். வெளிச்சம் விட்டுவிட்டு எரியும்.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில்தான் இந்தக் கூத்து. மூஞ்சி இருந்த இடத்தில் கட்டம், கோடு, நெளிவு, தலைகீழாக ஏதோ ஒரு எழுத்து. வெளியே பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை.

சிம்ரா வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். மூஞ்சி ஒன்றும் நடக்காததுபோல் சிரித்தது.

அடுத்த நாள் காலையிலும் அதே கிறுக்கல்.

"நீதானே எதையோ நோண்டின?" என்று அண்ணன் காஷிஃபைப் பிடித்தாள்.

"நான் மாடிக்கே போகலை. உன் பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. வேப்பிலை அடி."

பேயாவது கீயாவது. சிம்ரா பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாயங்காலம் முழுக்க உற்றுப் பார்த்தாள். தட்டினாள், கவிழ்த்தாள், வயரை ஆட்டினாள். அது சிரித்துக்கொண்டே இருந்தது.

"நம்ம வீட்ல நல்ல புள்ளையா இருக்கு. மேல போனா மட்டும் ஏன் கிறுக்குது?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அக்கா இறங்கி வந்து போனைக் காட்டினார். 'இன்னைக்கும் ஒருத்தங்க தட்டிட்டுப் போயிட்டாங்க. பெட்டி எப்போ வரும்?'

"நாளைக்குச் சரி பண்ணிடுறேன்க்கா" என்றாள் சிம்ரா. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையிலேயே பெட்டியை மாடியில் மாட்டிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். இன்று கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு. பக்கத்தில் அக்கா தலை குனிந்து மணி கோத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இரண்டு குடங்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன.

திடீரென்று மூஞ்சி நெளிந்தது. வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்.

சிம்ரா அறையைச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. ஆனால் கீழே எதுவோ 'கொர்ர்' என்றது. கூடவே வீட்டுக்காரர் வலியுல்லா மாமாவின் குரல் கேட்டது. "தண்ணி வந்துகினு கீது, எல்லாரும் பிடிச்சிக்கோங்கோ!"

மோட்டார்! அது காலையில் மட்டும்தான் ஓடும்.

சிம்ரா காஷிஃபைக் கூப்பிட்டுப் பெட்டி முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

"மாமா, மோட்டாரை ஒரு தடவை நிறுத்திட்டுப் போடுங்க."

"இன்னாம்மா நீ? தண்ணி வர்றதே பெரிய விஷயம். அத்த போய் நிறுத்தச் சொல்றியே?"

"ஒரே ஒரு தடவை மாமா. " சிம்ரா மேலே பார்த்துக் கத்தினாள். "அண்ணா, மோட்டார் நின்னதும் வயரைப் புடுங்கிச் செருகு!"

மாமா முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். "இப்ப சிரிக்குது!" என்றான் காஷிஃப் மேலிருந்து. மாமா மறுபடி போட்டார்.

"கிறுக்கிடுச்சி!"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு கிறுக்கு? என்னையா சொல்றான்?" என்று மேலே அண்ணாந்து பார்த்தார். சிம்ரா மாடிக்குப் படியேறி ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?" என்றான் காஷிஃப். "மோட்டார் கிளம்புறப்போ கரண்ட் ஆடுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கெப்பாசிட்டர் வாங்கி மாட்டினா ஆடாது. அப்புறம் கிறுக்கவே கிறுக்காது."

சிம்ரா தலையாட்டினாள். அப்போது அவள் கண் காலிக் குடங்கள் மேல் விழுந்தது. அக்கா இன்னும் மணி கோத்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தமோ மாமாவின் குரலோ அவருக்குக் கேட்டிருக்காது. சிம்ரா 'அம்மி' என்று கூப்பிடும் அவள் அம்மா ஞாபகமாக வந்து சொல்லும் நாளில்தான் அக்காவுக்குத் தண்ணீர். மறந்த நாளில் தெருக்கோடி பம்பிலிருந்து குடம் குடமாக இரண்டு மாடி ஏற்ற வேண்டும்.

"வேணாம். கெப்பாசிட்டர் வாங்க வேணாம்" என்றாள் சிம்ரா.

"உனக்கும் பேய் புடிச்சிருச்சா?"

சிம்ரா அக்காவின் தோளைத் தொட்டாள். நெளிந்த திரையைக் காட்டினாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது.

அக்கா திரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சட்டென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றே சிம்ரா பெட்டியின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தாள். மூஞ்சி கிறுக்கினால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மூஞ்சி மறுபடி சிரிக்கும், வாசல் பொத்தானும் வேலை செய்யும்.

திங்கட்கிழமை காலை. சிம்ரா வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சட்னி அரைக்கும் அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. கதவைத் திறந்துகொண்டு அன்புக்கரசி அக்கா உள்ளே வந்தார். கண்ணை ஒரு பக்கமும் வாயை ஒரு பக்கமும் கோணிக் காட்டினார்.

அம்மி பயந்துபோய் மிக்ஸியை நிறுத்தினார். "யா அல்லா, இவளுக்கு இன்னா ஆச்சு?"

சிம்ரா அதற்குள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடியிருந்தாள்.