தலையணைக்குள் ஒரு தவளை

“என் தலையணைக்குள்ளயே உக்காந்து கத்துற மாதிரி இருக்கு!” என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று கொட்டாவி.

அப்பா பஸ் ஓட்டுநர். ஊரின் முதல் பஸ் அவருடையது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். அதனால் சாயங்காலம் ஏழு மணிக்கே படுத்துவிடுவார். கொல்லையில் தவளைகள் கச்சேரியைத் தொடங்குவதும் அதே ஏழு மணிக்குத்தான்.

“இன்னைக்கு சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருக்காங்க, விளையாட்டா? நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை. குளத்தை மூடிடப் போறேன்.”

கொல்லைக் கதவருகே இரண்டு மூட்டை மண் வந்து இறங்கியிருந்தது. மண்வெட்டியும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் மகள் வண்டு சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய் அந்த மூட்டைகளைப் பார்த்தாள். வண்டுவுக்குப் பத்து வயது. முகத்தில் பாதியை மறைக்கும் வட்டக் கண்ணாடி போட்டிருப்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிடுவார்கள். குளம் என்றால் பெரிய குளமில்லை. உடைந்துபோன குளியல் தொட்டியை மண்ணில் இறக்கி, தண்ணீர் நிரப்பி, ஓரமெல்லாம் கல் அடுக்கியது. அதற்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு நோட்டே வைத்திருந்தாள்.

துணி மாதிரிகளை ஒட்டி வைக்க அம்மா வைத்திருந்த பழைய நோட்டு அது. அம்மா தையல்காரி. வெட்டி மிஞ்சிய துணிகளில் எந்தத் துணி எந்தத் தோலைப் போல இருக்கிறதோ, அதைப் பொறுக்கி ஒட்டுவாள் வண்டு.

முதல் பக்கத்தில் கோணித் துண்டு. “குண்டு மாமி. தேரை. தோல் காய்ந்து, முண்டு முண்டாக இருக்கும். தாவ மாட்டாள், தத்தித் தத்தி நடப்பாள்.”

இரண்டாம் பக்கத்தில் பளபளக்கும் பச்சைத் துணி. “நீச்சல்காரன். கண்ணை மட்டும் வெளியே விட்டு மிதப்பான். பயந்தால் தண்ணீர் மேலேயே தத்தி ஓடுவான்!”

மூன்றாம் பக்கத்தில் கோடு போட்ட துணி. “கோட்டுச்சட்டை. முதுகின் நடுவே நீளமாக ஒரு கோடு.”

நான்காம் பக்கத்தில் வெளிர் மஞ்சள் துணி. “ஒட்டுவிரல். மரத்தவளை. விரல் நுனியில் பொத்தான் மாதிரி வட்டம். சுவரில் ஏறுவான். வலது பின்காலில் ஒரு விரல் இல்லை.”

“அப்பா, உங்களுக்குக் கேக்குற சத்தம் எப்படி இருக்கும்?”

“டக்... டக்-டக்-டக்! யாரோ கதவைத் தட்டுற மாதிரி. அந்தத் தடிச்சி தேரைதான், வேற யாரு? உடம்புக்கேத்த தொண்டை!”

மறுநாள் ஏழு மணிக்கு வண்டு டார்ச்சோடு கொல்லைக்குப் போனாள். குண்டு மாமி விளக்கடியில் உட்கார்ந்து பூச்சிகளை விழுங்கிக்கொண்டிருந்தாள். லபக். லபக். வண்டு அவள் தொண்டையையே பார்த்தாள். கத்துகிற தவளைக்குத் தொண்டை பலூன் மாதிரி ஊத வேண்டுமே! பத்து நிமிடம் ஆயிற்று. ஊதவே இல்லை.

“மாமி, நீங்க வாயத் திறக்குறதே திங்கிறதுக்குத்தானா! உங்களைப் போய் சொல்லிட்டாரே அப்பா.”

நீச்சல்காரன் ‘குர்ர்ர்’ என்றான். கோட்டுச்சட்டை ‘கிக் கிக்’ என்றான். ‘டக் டக்’ எங்கே? எங்கோ மெல்லக் கேட்டது. குளத்தருகே போனால் குறைந்தது. வீட்டுச் சுவரருகே வந்தால் கூடியது.

அப்பாவின் ஜன்னலை ஒட்டி, மாடியிலிருந்து மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கியிருந்தது. வண்டு அதில் காதை வைத்தாள்.

டக்! டக்-டக்-டக்!

“அம்மாடியோ!” காது அடைத்துப் போயிற்று.

குனிந்து, குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்தாள். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு தவளை. டீ நிறத்தில் இருந்தது. தொண்டை மட்டும் முகத்தைவிடப் பெரிதாக ஊதியது, சுருங்கியது, ஊதியது. இத்தனூண்டு உடம்புக்குள்ளா இவ்வளவு சத்தம்! வண்டு வாயைப் பிளந்து பார்த்தாள்.

“அம்மா! புது ஆள் வந்திருக்கான்!” என்று கொல்லைக் கதவருகே வந்து நின்ற அம்மாவிடம் கிசுகிசுத்தாள். பிறகு காலைப் பார்த்தாள். வலது பின்காலில் ஒரு விரல் இல்லை. “இல்லம்மா, ஒட்டுவிரல்தான்! மஞ்சள் சட்டையை மாத்திட்டு வந்திருக்கான்!”

“தைக்காமலே மாத்துறானா? இவனை மாதிரி நாலு பேர் வந்தா என் பொழப்பு என்னாகுறது?” என்றாள் அம்மா.

“இவன் சத்தம் சின்னதுதாம்மா. குழாய்தான் மைக் மாதிரி பெருசாக்குது. கொசுவலைத் துண்டு இருக்கா? எலாஸ்டிக்கும் வேணும்.”

வண்டு கைகளை நன்றாக நனைத்துக்கொண்டாள். காய்ந்த கை பட்டால் தவளையின் தோலுக்கு ஆகாது. ஒட்டுவிரலை மெல்ல ஏந்திக் குளத்தங்கரைக் கல்லில் விட்டாள். குழாயின் வாயில் வலையைப் போட்டு எலாஸ்டிக்கால் இறுக்கினாள். மழை வந்தால் தண்ணீர் போகும், தவளை ஏறாது.

ஒட்டுவிரல் கோபித்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டான். பிறகு கல்லின் மேலிருந்து ‘டக்’ என்றான். யாரோ நகத்தால் மேசையைத் தட்டியதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

வண்டு ஜன்னலருகே போனாள். “அப்பா, இப்ப கேக்குதா?”

உள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நோட்டை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு கொட்டாவிகூட இல்லை. வண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி நோட்டை நீட்டினாள். அப்பா ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். “ஏ அப்பா! இத்தனை பேரா நம்ம வீட்டுக்கு வர்றாங்க!”

ஐந்தாம் பக்கத்தில் நின்றார். அங்கே அவருடைய சீருடையின் காக்கித் துண்டு ஒட்டியிருந்தது.

“குரல்: குர்ர்ர்ர்... புஸ். நீச்சல்காரனைவிடப் பத்து மடங்கு. இருப்பிடம்: படுக்கையறை.”

“ஏய் வண்டு! நான் இப்படியா குறட்டை விடுறேன்?”

“அவ கொறைச்சுத்தான் எழுதியிருக்கா” என்றாள் அம்மா.

அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தார். வண்டு பின்னாலேயே ஓடினாள். ஆனால் அவர் குளத்தின் அந்தப் பக்கம், பக்கத்துக் காலி மனையை ஒட்டி, ஒரு மூட்டை மண்ணைக் கொட்டி மேடாக்கினார். அதில் ஒரு சாண் குழாய்த் துண்டை, வாய் காலி மனையைப் பார்த்திருக்கும்படி சொருகினார்.

“பாவம், பாட்டுக்காரன்கிட்டேயிருந்து மைக்கைப் புடுங்கிட்டா எப்படி?” என்றார்.

அன்று ஏழு மணிக்குக் காலி மனைக்குக் கச்சேரி. வீட்டுக்குள் அப்பாவின் கச்சேரி.